ஏழாம் இலக்கக்காரியின் வயது

வவுனியா மைதானத்தில் மாகாணக் கரப்பந்து இறுதியாட்டம் இரண்டு மணிக்கு. ஒன்று இருபதுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏழாம் இலக்க வீராங்கனை யோகலிங்கம் யதுர்ஷிகாவின் தாயார் எங்கிருந்தாலும் உடனடியாக ஆட்சேபனைக் குழுவின் அறைக்கு வரவும்."

இராசமலர் மரநிழலில் இருந்து இடியப்பப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை பஸ்ஸில் கண்டாவளையிலிருந்து புறப்பட்டவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. 'வீராங்கனை' என்றதும் நெஞ்சு நிமிர்ந்தது. 'தாயார்' என்றதும் பிள்ளைக்குக் கால்கீல் பிரண்டுவிட்டதோ என்று பதறியது. 'ஆட்சேபனை' என்றதும் பதற்றம்கூட வரவில்லை, கை அப்படியே நின்றுவிட்டது. என்றைக்கோ ஒருநாள் வரும் என்று பதினைந்து வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த சொல் அது.

பார்சலைத் திரும்பவும் சுற்றிப் பையில் வைத்துவிட்டு எழும்பி நடந்தாள். யோகலிங்கத்துக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரிவு வெட்டும் மெசின் இன்றைக்குத்தான் அவர்கள் வயலுக்கு வந்திருக்கிறது. அந்த இரைச்சலில் அந்த மனிசனுக்குப் போன் எங்கே கேட்கப் போகிறது! வேலையில் குறை சொல்லமுடியாத புருசன்தான், ஆனால் தேவையான நேரம் பார்த்து அகப்படமாட்டார்.

யதுர்ஷிகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு அடிகாரியை அந்தப் பக்கம் அதுவரை கண்டதில்லை. பந்தைத் தூக்கிக் கொடுத்தால் போதும், வலைக்கு மேலே அரையுடம்பு தெரிய எழும்பி அடிப்பாள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதை விட்டு முகத்தைப் பொத்திக்கொள்ளும். இரண்டு வருடம் தொடர்ந்து மாகாணத்தின் சிறந்த தாக்குதல் வீராங்கனை. பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் தேசிய மட்டத்தில் மூன்றாமிடம். கல்லூரியில் வர்ண விருது. கண்டாவளைச் சந்தியில் அவளுடைய படத்தைப் போட்டு 'எமது மண்ணின் சிகரம்' என்று பெரிய பனர் கட்டியிருந்தார்கள். அதில் யோகலிங்கத்தின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று அந்த மனிசன் ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தது வேறு கதை.

இந்த முறை தேசிய மட்டத்தில் ஓர் இடம் கிடைத்தால் விளையாட்டுத் திறமைக்கான விசேட அனுமதியில் கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். படிப்பால் மட்டும் போகிற புள்ளி அவளுக்கு இல்லை, அது அவளுக்கும் தெரியும். இதுதான் கடைசி வருடம், இதுதான் கடைசி வாசல். அதற்கு இன்றைக்கு வெல்லவேண்டும், வெல்ல முதல் ஆடவேண்டும். இருபது வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆட அந்த வருடம் சனவரி முதலாம் திகதி இருபது வயது நிறைந்திருக்கக் கூடாது. யதுவுக்கு அந்தத் திகதியில் கடதாசியின்படி பத்தொன்பது. பெற்றவள் கணக்கின்படி இருபது வயதும் மூன்று மாதமும்.

எல்லாம் ஒரு பால்மாப் பைக்கற்றால் வந்த வினை. சண்டை முடிந்து முகாமில் கம்பி வேலிக்குள் இருந்த நாளில் மேசை போட்டுப் பெயர் பதிந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் பால்மா என்றார்கள். யதுவுக்கு அன்றைக்கு ஐந்தே முக்கால். தோளெலும்பு இரண்டும் சட்டைக்குள்ளால் துருத்திக்கொண்டு, நிற்க வைத்தால் விழுகிற நிலையில் பிள்ளை. "பிறந்தது எப்ப?" என்று கேட்டதும் இராசமலரின் வாய் யோசிக்கவே இல்லை. "ரெண்டாயிரத்து நாலு, புரட்டாதி பதினேழு" என்றது. நாளையும் மாதத்தையும் விட்டுவிட்டு ஒரு வருடத்தை மட்டும் விழுங்கியது. பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் போன இடம் தெரியாது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பால்மா கிடைத்தது. பிள்ளை தேறினாள்.

ஆனால் அந்தத் திகதி அவர்களை விட்டுப் போகவில்லை. முகாம் அட்டையைப் பார்த்துக் குடும்ப அட்டை எழுதினார்கள், குடும்ப அட்டையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள். அரசாங்கத்தின் நடமாடும் சேவைக்குப் போனபோது அதே திகதியில் உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்றை முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிட்டார்கள். திருத்துவோம் என்று இரண்டு தரம் யோகலிங்கத்திடம் சொல்லிப் பார்த்தாள். "இப்ப போய்க் கிண்டினா அண்டைக்குப் பொய் சொன்னதெண்டு பிடிப்பாங்கள். பேசாமல் விடும்" என்றார் அவர். விட்டாள். பிள்ளை அப்போது பந்தைத் தொட்டிருக்கவில்லை.

அறை வாசலில் நாஸிம் சேர் நின்றார். கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், முல்லைத்தீவுக்காரர். யதுவைப் பதின்மூன்று வயதில், கடதாசி வயதுதான், பிடித்துப் பந்தைக் கையில் கொடுத்தவர் அவர்தான்.

"அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. தோத்துப்போவம் எண்ட பயத்தில ஆட்சேபனை குடுத்திருக்கினம். நீங்கள் உள்ளதைச் சொன்னாக் காணும்."

உள்ளதைச் சொன்னால் காணுமாம்! இராசமலருக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

உள்ளே மூன்று பேர். மேசைக்குப் பின்னால் குழுத் தலைவர் வீரையா ஐயா, இளைப்பாறிய அதிபர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். ஒரு பக்கக் கதிரையில் எதிரணிப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் வினோதன், மடியில் கடதாசிக் கோவையோடு. சுவரோரம் யது நின்றாள். முழங்காலுக்கு உறை போட்டு, மயிரை இறுக்கப் பின்னிக் கட்டி, முதுகில் ஏழாம் இலக்கம். தாயைக் கண்டதும் "சுறுக்கா முடியுங்கோ அம்மா, உடம்பு சூடாக்க வேணும்" என்றாள்.

"இருங்கோ அம்மா" என்றார் வீரையா ஐயா. குரலில் கடுமை இல்லை. ஒரு கடதாசியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது இந்தப் பிள்ளைக்கெண்டு பள்ளிக்கூடம் எங்களிட்டத் தந்த உத்தேச வயதுச் சான்றிதழ். ரெண்டாயிரத்து நாலு. சரிதானே?"

"ஓம்."

"இது வினோதன் சேர் கொழும்புக்கு எழுதி எடுப்பிச்ச பிறப்புப் பதிவின்ர பிரதி." இரண்டாவது கடதாசி வந்தது. "கிளிநொச்சி ஆஸ்பத்திரி. ரெண்டாயிரத்து மூண்டு புரட்டாதி பதினேழு. பெண். பேர் யதுர்ஷிகா. தகப்பன் யோகலிங்கம், தாய் இராசமலர். இது என்னெண்டு விளங்கேல்லை. அதுதான் உங்களைக் கூப்பிட்டது."

இராசமலர் கடதாசியைப் பார்த்தாள். தொலைந்தது தொலைந்ததுதான் என்று இருந்துவிட்டாள் அவள். தங்களிடம் இருந்தது போனாலும் கொழும்பில் இன்னொரு புத்தகத்தில் இன்னொரு பிரதி கிடக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? பிள்ளையின் பெயருக்கு நேரே அவளுடைய சொந்தக் கையெழுத்து, இளம் வயதின் உருண்டைக் கையெழுத்து.

"அது அக்கா, சேர்."

யதுதான். வலைக்கு முன்னாலும் அவள் அப்படித்தான், மற்றவர்கள் பந்து எங்கே என்று பார்க்க முதல் இவள் கால் தரையில் இருக்காது.

"அக்காவோ?" என்றார் வீரையா ஐயா.

"எனக்கு ஒரு வயது மூத்தவா. கடைசிச் சண்டையில செத்துப்போனா. அதுக்குப் பிறகு அவவின்ர பேரைத்தான் எனக்கு வைச்சுப் பதிஞ்சவை. அம்மா அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

உட்கார்ந்து யோசித்தால் அந்தக் கதையில் ஆயிரம் ஓட்டை. ஆனால் அந்த அறையில் யாரும் யோசிக்கவில்லை. வன்னியில் ஒரு தாயைப் பார்த்து, உன் பிள்ளை செத்தது உண்மையோ என்று கேட்கிற நெஞ்சு யாருக்கு இருக்கிறது? வினோதனின் முகம் இருண்டது. வாசலில் நின்ற நாஸிம் சேர் தலையைக் குனிந்தார். வீரையா ஐயா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மன்னியுங்கோ அம்மா" என்று வினோதன் எழும்பிவிட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டன். நான் ஆட்சேபனையைத் திருப்பி எடுக்கிறன், ஐயா." ஆட்சேபனைக் கடிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

முடிந்துவிட்டது! இவ்வளவு சுகமாக முடியும் என்று இராசமலர் கனவிலும் நினைக்கவில்லை. இன்னும் கால் மணித்தியாலத்தில் பிள்ளை ஆடுவாள், வெல்வாள், தேசிய மட்டம், கம்பஸ். அவள் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும். யது தாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். எங்கே கற்றாள் இந்தக் கள்ளத்தனத்தை? வேறு எங்கே, பெற்றவளிடம்தான்.

"அப்பிடியெண்டாலும் ஒரு குறிப்பு எழுதிவைக்க வேணும், பிறகு மேலிடத்தில ஒருத்தரும் கேள்வி கேக்கக்கூடாது" என்றார் வீரையா ஐயா. பேனையை எடுத்து, பிறப்புப் பதிவின் பிரதியில் யதுர்ஷிகா என்ற பெயருக்குப் பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினார். வடிவான வாத்தியார் எழுத்து. "எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ அம்மா. வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

இராசமலர் அந்தச் சொல்லைப் பார்த்தாள். வாயால்கூடச் சொல்லக்கூடாத சொல்லை மனிசன் மையால் எழுதிவிட்டார். சொல்லுகிறதற்கு இடமா இல்லை? கிளிநொச்சியிலிருந்து கடற்கரைவரை எந்த ஊரைச் சொன்னாலும் நம்புவார்கள். ஏதோ ஒரு ஊரைச் சொல்லிவிட்டு எழும்பு என்று புத்தி சொன்னது. வாய் அதுபாட்டுக்கு ஒரு ஊரைச் சொன்னது.

"வலைஞர்மடம்."

அவர் எழுதினார். "காணும் அம்மா."

"சித்திரை மாசம்" என்றாள் இராசமலர். அதை யாரும் கேட்கவில்லை. "வெயில் உச்சியில நிண்டது. நான் தண்ணிக்குப் போட்டுத் திரும்பி வாறன், எங்கட பங்கருக்குப் பக்கத்தில வந்து விழுந்தது. மேல போட்டிருந்த பனங்குத்தியும் மண்மூட்டையும் எல்லாம் உள்ளுக்க இறங்கிட்டுது. பிள்ளை உள்ளுக்க."

"அம்மா, காணும். சொல்ல வேண்டாம்" என்றார் வீரையா ஐயா.

"கையாலதான் தோண்டினனான். மண்வெட்டி போட்டாப் பிள்ளையில பட்டிடும் எண்ட பயம். நகம் ரெண்டு கழண்டு போச்சு, எனக்குத் தெரியேல்லை. முதல் ஒரு கால் தெரிஞ்சது. பிடிச்சு இழுத்தன். வாய் நிறைய மண், மூக்கு நிறைய மண். விரலை விட்டுத் தோண்டி எடுத்தன். தலைகீழாத் தூக்கி முதுகில அடிச்சன். அடிச்சன், அடிச்சன் ஐயா..."

இனிச் சொல்லவேண்டியது இரண்டே சொல். 'மூச்சு வரேல்லை.' அதைச் சொன்னால் முடிந்தது, பிள்ளை மைதானத்துக்கு ஓடிவிடுவாள். இராசமலர் வாயைத் திறந்தாள். சுவரோரம் அவள் நின்றாள், இருபது வயதுக் குமரி, மேலுதட்டில் வேர்வை, மூக்கு விடைத்து விடைத்து அடங்குகிறது. இந்தக் கதையை இதற்கு முன் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கண் இரண்டும் தாயின் கைவிரலில் நின்றன.

"மூச்சு வந்திட்டுது" என்றாள் இராசமலர். "இருமினவா. தண்ணி எண்டு கேட்டவா."

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்த வினோதனின் கை நின்றது.

"அப்ப..." என்றார் வீரையா ஐயா.

"இவாதான் ஐயா அது. எனக்கு வேற பிள்ளை இல்லை. ரெண்டாயிரத்து மூண்டு, புரட்டாதி பதினேழு. முகாமில பால்மாவுக்காக நான்தான் ஒரு வயதைக் குறைச்சுச் சொன்னனான். பிள்ளைக்கும் தெரியாது, சேருக்கும் தெரியாது. பொய் முழுக்க என்ர."

"அம்மா!" யது கத்தினாள். "ஏன் அம்மா? எல்லாரும் நம்பிட்டினம்! ஒரு சொல்லு... ஒரு சொல்லுத்தானே அம்மா!"

நாஸிம் சேர் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். "யா அல்லாஹ்" என்று சொன்னது மட்டும் கேட்டது. வினோதனைப் பார்த்தால் ஆட்சேபனையில் வென்றவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

வீரையா ஐயா பேனையை மேசையில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அம்மா, நான் இதை எழுதினால் இண்டையான் ஆட்டம் மட்டுமில்லை போறது. பொய்த் திகதியில எடுத்த எல்லாம் போகும். தேசியப் பதக்கம் போகும், மாகாண விருது ரெண்டும் போகும், கல்லூரி வர்ண விருதையும் திருப்பிக் கேப்பினம். எல்லாத்தையும் வெட்ட வேண்டி வரும். விளங்குதோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் கடைசியாச் சொன்னது எனக்குச் சரியாக் கேக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளலாம்."

அந்த மனிசன் அப்படிச் சொன்னதுதான் பெரிய வாதையாகப் போனது. தப்பிப்போகிற கதவை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டு இருக்கிறார். யது இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பிக்கொண்டு தாயைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அந்தப் பிள்ளை ஒருவரையும் அப்படிக் கும்பிட்டு இராசமலர் கண்டதில்லை. வெளியே அணிகளை மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"விளங்குது ஐயா" என்றாள் இராசமலர். "எல்லாத்தையும் வெட்டுங்கோ. ஆனா முதல் இதை வெட்டுங்கோ."

'இறந்துவிட்டார்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

வீரையா ஐயா ஒரு கோடு இழுத்தார்.

"இன்னும் தெரியுது. வடிவா வெட்டுங்கோ."

இன்னொரு கோடு. அதற்கு மேல் இன்னொன்று. அவள் விரலை எடுக்கவில்லை. எழுத்தே தெரியாமல் அவர் கறுப்பாக அடித்துக்கொண்டே இருந்தார். பேனை முனை குத்திக் கடதாசி அந்த இடத்தில் கிழிந்தது. அதன் பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

யது வெளியே போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. ஏழாம் இலக்கத்தின் இடத்தில் றுக்ஷானா என்ற பிள்ளையை இறக்கியிருந்தார்கள். பாவம் அந்தப் பிள்ளை. முதல் பந்தை வலைக்குள் அடித்தது, இரண்டாவதை வெளியே அடித்தது. கண்டாவளையிலிருந்து வான் பிடித்து வந்த சனம் என்ன ஏது என்று தெரியாமல் "யது எங்கை? யதுவை இறக்குங்கோ!" என்று கத்தியது. இனி அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? சந்தியில் தொங்குகிற பனரை யார் கழற்றுவது? யோகலிங்கத்துக்கு என்ன சொல்வது? இராசமலருக்கு ஒன்றும் ஓடவில்லை. மரத்தடியில் பழையபடி வந்து இருந்தாள். ஆறு முழத் தூரத்தில் யது, தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். முழங்கால் உறையைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளை..."

"என்னோட கதைக்க வேண்டாம்."

முதல் செற் இருபத்தைந்துக்குப் பதினொன்று என்று போனது. இரண்டாவதும் போய்க்கொண்டிருந்தது. யது ஒவ்வொரு பந்துக்கும் தோளை அசைத்தாள், தான் அடிப்பதுபோல. பிறகு அதையும் விட்டுவிட்டுத் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று இராசமலர் எட்டிப் பார்த்தாள். கிட்டப் போகப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் போகப் பயம்!

கடைசியில் யதுதான் பேசினாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் அம்மா?"

"என்னது பிள்ளை?"

"மண்ணுக்குள்ள. நான் எவ்வளவு நேரம் கிடந்தனான்?"

இராசமலர் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியாது, பிள்ளை" என்றாள். "ஆர் அப்ப மணி பார்த்தது?"